குறை சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது

நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி, "பயப்படாதீங்க, வலிக்காது" என்று கூசாமல் பொய் சொல்லுகிற பல் டாக்டருக்கு, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைசி நோயாளியின் கடைவாய்ப் பல்லை அடைத்து அனுப்பியாயிற்று. கையுறையைக் கழற்றிப் போட்டாயிற்று. வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரினாள், பிடிக்கவில்லை, கலைத்துவிட்டு முன்பு இருந்த மாதிரியே மறுபடியும் வாரினாள். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தேவைதான் என்று பதில் வந்தது.

போகப்போவது என்னவோ சாப்பிடத்தான். கூட வரப்போகிறவர்களும் புதியவர்கள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே விடுதி அறையில் நாலு கட்டில் போட்டுப் படுத்த தோழிகள். விஷயம் அதில் இல்லை. அவர்கள் சாப்பிடப் போகிற உணவகத்தின் சமையல்காரர், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா" என்று டாக்டரைக் கேட்டிருந்தார். கேட்டுப் பல வாரம் ஆகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். தோழிகளை அங்கே அழைத்துப் போவது, எதற்கு என்று மூச்சு விடாமல் இருப்பது, அவர்கள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதையே பதிலாக வைத்துக்கொள்வது. நல்லது என்றால் சரி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

படித்தவள், சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறவள், தன் கல்யாணத்தைக் கொண்டுபோய் மூன்று பேர் நாக்கில் வைப்பாளா என்று கேட்கலாம். வைப்பாள். ஒரு தடவை சூடு பட்டவள் அவள்.

அந்தக் கதை சின்னதுதான். முதல் கல்யாணம் நிச்சயமான அன்று மாப்பிள்ளையும் இவளும் தோழிகளும் வெளியே சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளை பார்க்க ராஜா மாதிரி இருந்தான். என்ன வேண்டும் என்று அவளைக் கேட்காமல், "இவளுக்கு சூப் போதும்" என்று அவனே சொன்னான். தண்ணீர் ஊற்றியவரின் கை தவறி ஒரு சொட்டு சட்டையில் விழுந்ததற்கு, சிரித்த முகம் மாறாமல், பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில், அந்த மனுஷரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டான். தோழிகள் மூவரும் பார்த்தார்கள். மூவருக்கும் பகீர் என்றது. வெளியே வந்ததும் இவள் ஆசை ஆசையாக, "எப்படிடி இருக்காரு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்காரு" என்றார்கள் மூவரும். சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய் எதைச் சொல்வது என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சிரித்த முகத்தோடு சில வருஷம் குடித்தனம் நடந்தது. விவாகரத்து ஆன அன்று நாலு பேரும் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுவிட்டு வயிறாரச் சாப்பிட்டார்கள். அப்போதுதான் ஒருத்தி வாய் தவறி, "எனக்கு அன்னைக்கே அந்த ஆளைப் பிடிக்கலடி" என்றாள். எனக்கும் என்றாள் இன்னொருத்தி. எனக்கும்தான் என்றாள் மூன்றாமவள். டாக்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி" என்று மட்டும் கேட்டாள். 

அன்றைக்கு அவர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். எங்கே சாப்பிட்டாலும், எழுந்திருப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு குறை சொல்லியாக வேண்டும். அமிர்தமாகவே இருந்தாலும் குறை சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. சாப்பாட்டில் உண்மை பேசிப் பழகினால் மற்றதில் தானாக வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இதற்குக் குறைச் சுற்று என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இந்த நாலு பேர் உள்ளே நுழைந்தால் உதறல் எடுக்கிற உணவகங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. பிறந்தநாள் கேக்கை வாங்கி வந்தவளே முதல் ஆளாக அதைக் கழுவி ஊற்றியதும் உண்டு.

அப்படிப்பட்டவர்களின் கையில்தான் டாக்டர் இன்றைக்குத் தன்னை ஒப்படைக்கப் போகிறாள். 

உணவகம் ஒரு சலவைக் கடைக்கும் சாவி செய்கிற கடைக்கும் நடுவே ஒடுங்கி நின்றது. முன்பு அது போட்டோ ஸ்டுடியோ. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்காக வரைந்த பளிங்குப் படிக்கட்டும் ஏரியும் இரண்டு அன்னங்களும் பின்சுவரில் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சுகிறவர்கள் அரண்மனையில் விருந்து சாப்பிடுகிற மாதிரி தெரிந்தார்கள். மொத்தமே ஏழெட்டு மேஜை. ஒரு நாற்காலி போல இன்னொரு நாற்காலி இல்லை. எனாமல் குவளைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே பல்பு போட்டிருந்தார்கள். சமையலறைச் சுவரில் அகலமாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தது. அதன் வழியே நெருப்பும் ஆவியும், நிமிரும்போது மட்டும் ஒரு வெள்ளைத் தொப்பியும் அதற்குக் கீழே வியர்த்த முகமும் தெரிந்தன. பல தேசத்துச் சமையலை ஒரே தட்டில் கலந்து வைக்கிற ஃப்யூஷன் உணவகம் என்று வாசல் பலகை சொன்னது.

முதலில் வந்தவள் வக்கீல். குடும்ப நீதிமன்றத்தில் வாதாடி வாதாடி, வாசலில் கிடக்கிற மிதியடியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்கிற கண் அவளுக்கு. அடுத்து வந்தவள் பிரேக்கு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறாள். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே காலம் போனதால், எதைக் கண்டு பயந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கடைசியில் வந்தவள் மைக்கு. எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வரும் என்று ஸ்டேஷனில் அறிவிக்கிற குரல் அவளுடையது. அந்தத் தொண்டைக்கு ரகசியம் என்பதே தெரியாது. பக்கத்தில் இருப்பவள் காதோடு சொன்னால் கடைசி மேஜையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். டாக்டரை இந்த மூவரும் கூப்பிடுகிற பெயர் பல்லு.

"என்னடி பல்லு, புதுக் கடையெல்லாம் கண்டுபிடிக்கறே. யாரு சொன்னா?" என்றாள் வக்கீல்.

"ஒரு பேஷன்ட் சொன்னாரு."

பொய் இல்லை. சமையல்காரர் முதன்முதலில் அவளிடம் வந்தது வீங்கிய கன்னத்தோடுதான். மற்றவர்கள் முகம் பார்த்து, பேச்சுக் கொடுத்து, மெல்ல மெல்ல நெருங்குவார்கள். டாக்டர் எடுத்த எடுப்பிலேயே அவருடைய கடைவாயில் ஆரம்பித்தாள். வாயில் பஞ்சும் குழாயும் வைத்திருக்கிற மனுஷர் என்ன பேசுவார்? ஆகவே முதல் சில தடவை அவள்தான் பேசினாள். பேசியதெல்லாம் திட்டு. ராத்திரியில் பல் தேய்ப்பதில்லை, கண்ட நேரத்தில் சர்க்கரைப் பாகை நக்குகிறீர்கள், இப்படியே போனால் ஒரு பல்லும் மிஞ்சாது என்று கொட்டித் தீர்த்தாள். வழக்கமாக இதற்கு நோயாளிகள் அசடு வழிவார்கள், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவர் வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஆமா டாக்டர், தப்பு என்மேலதான்" என்றார். அடுத்த தடவை வந்தபோது பல் பளிச்சென்று இருந்தது.

மனைவி காலமாகி வெகுகாலம் ஆன மனுஷர். வைத்தியம் முடிந்த பிறகும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்தார். வரும்போதெல்லாம் கையில் ஒரு டப்பா இருந்தது. டாக்டருக்கு மொறுமொறுவென்று கடித்து நொறுக்கித் தின்பதுதான் உயிர். நோயாளிகளிடம் அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ரகசியம் அது. அதை எப்படியோ மோப்பம் பிடித்து, நொறுங்குகிற பண்டமாகவே செய்து கொண்டுவந்தார். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிய ஒரு மத்தியானம், கதவுப் பிடியில் கை வைத்தபடியே, திரும்பிப் பார்க்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டது டாக்டரைத்தான் என்றாலும் பார்த்தது கதவை.

இன்றைக்குத் தோழிகள் வருகிறார்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். "நீங்க வெளிய தலைகாட்ட வேண்டாம். கடைசியில இனிப்பு மட்டும் நீங்களே எடுத்துட்டு வாங்க. அப்ப அவங்க குறை சொல்லுவாங்க. தாங்கிக்கணும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

ஆனால் தலைகாட்டுவதற்கென்றே பிறந்த ஒருவர் அந்தக் கடையில் இருந்தார். கருஞ்சிவப்பு வெல்வெட் கோட்டு, பையில் முக்கோணமாக மடித்த கைக்குட்டை, நடக்கிறாரா வழுக்குகிறாரா என்று புரியாத நடை. சமையல்காரரின் கூட்டாளி. சமையலறைக்கு வெளியே எல்லாம் அவர் ராஜ்ஜியம். விஷயம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை முகத்தில் மறைக்கத்தான் தெரியாது.

"வாங்க டாக்டர் மேடம், வாங்க. ஜன்னலோர மேஜையில காலையிலேர்ந்து ஒரு ஈயைக்கூட உட்கார விடல" என்று அவளுக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார். மற்ற மூவரும் தங்கள் நாற்காலியைத் தாங்களே இழுத்துக்கொண்டார்கள். பிறகு மெனு அட்டையை எடுத்து மூவருக்கும் கொடுத்தார்.

"எனக்கு?" என்றாள் டாக்டர்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் அட்டை? உங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியாதா. நானே சொல்லியாச்சு." ஒரு கண்சிமிட்டல். பிறகு வழுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மேஜைக்கு அடியில் பிரேக்கின் கால் தரையை அழுத்திய சத்தம் கேட்டது. டாக்டர் அதை மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கண் சமையலறை ஜன்னலில் இருந்தது.

வக்கீல் அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "அந்திவானில் அலையும் பூசணி. கடலோரக் காதலின் மௌனம். இதுல சாப்பாடு எது, சுற்றுலா எது?"

"அந்தக் காதல் மௌனத்துல மீன் இருக்குதான்னு கேளுடி" என்றாள் மைக்கு காதோடு. அன்னங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் அங்கிருந்தே, "இருக்குங்க, நல்லாயிருக்கு" என்று பதில் சொன்னார்.

சாப்பாடு வந்தது. வந்த பிறகு கொஞ்ச நேரம் அந்த மேஜையில் பேச்சே இல்லை. இவர்களை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். அடுப்பில் சுட்ட பூசணிக்காயைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, அதில் பாஸ்தாவைப் புரட்டி, மேலே மிளகை நுணுக்கித் தூவியிருந்தது. ஆவியில் வெந்த பன்னுக்குள் காளானும் சீஸும், தொட்டுக்கொள்ளப் புளிப்பு மாங்காய் சாஸும் இருந்தன. மீன் ஓர் இலைக்குள் வெண்ணெயும் இஞ்சியுமாகச் சுருண்டு கிடந்தது. டாக்டரின் தட்டில் காகிதம் போல மெல்லிய அரிசித் தகடுகளை அடுக்கடுக்காகப் பொரித்து நிறுத்தி, நடுவில் வறுத்த முந்திரியும் கத்திரிக்காயும் வைத்திருந்தது. கடித்தால் நாலு மேஜைக்குச் சத்தம் கேட்டது.

"பூசணிக்காயாடி இது? இத்தனை வருஷமா என் வீட்டுக்கு வந்ததெல்லாம் அப்ப என்ன?" என்றாள் மைக்கு. பக்கத்து மேஜைக்காரர்கள் உடனே ஒரு பூசணி சொன்னார்கள்.

"எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைடி. தட்டை நக்கறதுக்குன்னு ஒரு வேக வரம்பு வேணாமா" என்று பிரேக்கு அவள் தட்டை இழுத்தாள்.

ஒவ்வொரு வார்த்தையும் டாக்டரின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. பன்னைப் பிட்டு வாயில் போட்ட வக்கீல் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தபோது, எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தான் சமைத்ததைத் தின்றுவிட்டு யாராவது இப்படிக் கண்ணை மூடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பெருமை வந்திருக்காது. ஜன்னல் வழியே வியர்த்த முகம் ஒரு நொடி நிமிர்ந்து இந்த மேஜையைப் பார்த்துவிட்டுக் குனிந்தது. அவள் அவசரமாகத் தண்ணீர் குடித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் தோழிகள் மூவரும் சேர்ந்தாற்போலக் கை கழுவ எழுந்தார்கள். கைகழுவும் இடம் ஒரே ஒரு ஆள் நிற்கிற அளவு என்பதை டாக்டர் யோசிக்கவில்லை. அவள் தனியாக இருந்த நேரம் பார்த்து வெல்வெட் கோட்டு வழுக்கி வந்து, அவள் காதருகே குனிந்தது.

"உள்ள ஒருத்தருக்கு கை நடுங்குது மேடம். உப்பை ரெண்டு தடவை போட்டுடப் போறாருன்னு நானே பக்கத்துல நின்னு காவல் காத்தேன். இப்பவே சொல்றேன், இந்தக் கடையில இனிமே நீங்க வெச்சதுதான் சட்டம்."

டாக்டருக்குக் காது மடல் வரை சிவந்தது. சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகழுவும் இடத்தின் திரைக்குப் பக்கத்திலிருந்து மூன்று தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தவர்களிடம் ஏதோ சரியில்லை. பிரேக்கு உட்காரும்போதே காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்கு மேஜைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். சரி, இதுதான் நேரம் என்று டாக்டர் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு, "சுற்று ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினாள். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டர் காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சொன்னவள் யார்? வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, நேற்றைய தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவள்.

"எனக்கும் ஒண்ணும் தோணலடி" என்றாள் பிரேக்கு.

மைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, ரயில் தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கிற குரலில், "இது மிகவும் நல்ல இடம்" என்றாள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அந்தக் குரல் வரும்.

 இந்த 'நல்லாத்தான்' டாக்டருக்குத் தெரிந்த 'நல்லாத்தான்'. இதைக் கேட்டுத்தான் ஒரு தடவை குழியில் விழுந்தாள். இத்தனை வருஷம் ஊரிலுள்ள சூப்பையும் கேக்கையும் கழுவி ஊற்றிப் பழகியதெல்லாம் எதற்கு? தேவைப்படுகிற நாளில் மறுபடியும் வாயை மூடிக்கொள்ளவா?

"அன்னைக்கும் இப்படித்தாண்டி சொன்னீங்க" என்றாள்.  "நல்லாத்தான் இருக்காருன்னு மூணு பேரும் சொன்னீங்க. இன்னைக்கும் பூசி மெழுகினீங்கன்னா, நான் இனிமே உங்ககூட உட்கார்ந்து சாப்பிட மாட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல்தான் முதலில் உடைந்தாள்.

"சரி. நேராவே கேக்கறேன். உனக்குக் கல்யாண யோசனை இருக்குதானே?"

"இருக்கு."

"இந்தக் கடை ஆளோட."

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று டாக்டர் யோசிக்கவில்லை. ஜன்னலைத்தான் சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாளே. "ஆமா" என்றாள்.

"வேண்டாண்டி." வக்கீலின் கண் கலங்கியிருந்தது. "எங்க மூணு பேருக்கும் பிடிக்கல. அன்னைக்குச் சொல்லாம விட்டோம். இன்னைக்கு முகத்துக்கு நேரா சொல்றோம். இந்த ஆளு வேண்டாம்."

கேட்டாயிற்று. கேட்க வேண்டும் என்றுதானே வந்தாள். பூசாமல் மெழுகாமல், அவள் கேட்டபடியே வந்துவிட்டது பதில். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவளே போட்ட ஏற்பாடு. இனிமேல் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்து, காலையில் எழுந்து ஊரார் பல்லைப் பார்க்கலாம். அப்படித்தான் நடக்கும் என்று அவள் தன்மேல் நம்பிக்கை வைத்திருந்தாள்.

"பிடிக்கலன்னா பிடிக்காம போகட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று புரிய அவளுக்கே கொஞ்சம் நேரமானது. "எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க மூணு பேரும் தலைகீழா நின்னாலும் நான் அவரைக் கட்டிக்கத்தான் போறேன்."

மைக்கேகூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கடை மொத்தமும் கரண்டியைக் கீழே வைத்தது. அந்த அமைதியில் டாக்டருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பல வாரமாகக் கூடவே இருந்த பயத்தைக் காணோம். தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. அது இருந்த இடத்தில் சந்தோஷம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. திரும்பினாள். சொன்ன சொல் தவறாமல் சமையல்காரர் தானே இனிப்பை எடுத்து வந்திருந்தார். தட்டில் நாலு கிண்ணம். தட்டு நடுங்கியது. பக்கத்தில், தட்டு விழுந்துவிடாமல் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு, வெல்வெட் கோட்டு.

மைக்கு வெல்வெட்டைச் சுட்டிக் காட்டினாள். "இவரையா கட்டிக்கப் போறே? ஏண்டி, இவரு உனக்கு மட்டும் நாற்காலி போட்டாரு, காதுல வந்து குசுகுசுன்னாரு, சரி. உன்னைக் கேக்காம உனக்குச் சாப்பாடு சொன்னது, உன்னோட அந்த முதல் ஆளு மாதிரியே இல்ல?"

டாக்டர் மைக்கைப் பார்த்தாள். வெல்வெட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டதால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

"என்னையா?" வெல்வெட் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அம்மா தாயே, என் வீட்டுக்காரி காதுல விழுந்தா என்னைப் பொரிச்சு எடுத்துடுவா. சாப்பாட்டை நானே சொன்னேன்னது சும்மா ஒரு பந்தாவுக்கு. இவரு ரெண்டு நாளா அந்த அரிசித் தகட்டைப் போட்டுப் போட்டு உடைச்சுக்கிட்டு இருந்தாரு. டாக்டருக்கு அட்டை கொடுத்தா வேற எதையாவது சொல்லிடுவாங்கன்னு நான் கொடுக்கல."

"அப்ப யாருடி?" என்றாள் பிரேக்கு.

டாக்டர் சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, தட்டோடு நிற்கிறவரைக் கையால் காட்டினாள். மூன்று தலைகளும் மெதுவாகத் திரும்பின. தொப்பிக்குக் கீழே நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கன்னத்தில் மாவு, எங்கே பார்ப்பது என்று தெரியாத கண். வக்கீலுக்கு முகத்தில் அசடு வழிந்தது. நீதிமன்றத்தில் ஒருநாளும் அவளுக்கு இப்படி ஆனதில்லை.

"தப்பான ஆளுமேல கேஸ் போட்டுட்டோம்" என்றாள். "வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க தட்டை வெச்சுட்டு உக்காருங்க சார்."

பக்கத்து மேஜைக்காரர் கேட்காமலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார். சமையல்காரர் அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"எங்க சட்டம் தெரியுமா? ஆளுக்கு ஒரு குறை. இப்ப நிஜமாவே சொல்லப் போறோம்" என்றாள் வக்கீல்.

"டாக்டர் சொல்லியிருக்காங்க. சொல்லுங்க."

"மெனு. ஒரு பேராவது விளங்குதா? படிச்சுட்டு நான் ரயில் டிக்கெட் எடுக்கவான்னு யோசிச்சேன்."

"அது இவரு எழுதினது" என்று சமையல்காரர் கூட்டாளியைக் கைகாட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். வெல்வெட் மேலே தொங்கிய பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீனுல எலுமிச்சை தூக்கலா இருந்துச்சு" என்றாள் பிரேக்கு.

"ஆமாங்க. பதற்றத்துல கை தவறிடுச்சு. வெளிய வந்த பிறகுதான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க."

பிரேக்கின் கால் தரையிலிருந்து மெல்ல எழும்பியது.

மைக்கு முன்னால் சாய்ந்தாள். "பன்னுக்கு வெச்ச மாங்காய் சாஸ் பத்தல. இன்னும் ரெண்டு கரண்டி வெச்சிருக்கலாம்."

"அதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் சமையல்காரர். குரல் உயரவில்லை, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. "அது அவ்வளவுதான் இருக்கணும். அதுக்கு மேல தொட்டா காளான் ருசி செத்துப்போயிடும். வேணும்னா சாஸைத் தனியா ஒரு கிண்ணத்துல தரேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எதுல வேணும்னாலும் தொட்டுக்குங்க. என் பன்னுல வேணாம்."

 மைக்கு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் எனாமல் குவளை ஆடியது. தப்பைத் தப்பு என்று ஒப்புக்கொள்கிறவர், தப்பில்லாததைக் கத்தாமல் இல்லை என்கிறவர். இப்படி ஒருவரை எதிரே உட்கார வைத்துக் குறை சொல்வது எவ்வளவு சுகம் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் சட்டமும் இல்லை, சுற்றும் இல்லை. மூவரும் மாறி மாறிப் போட்டுத் தாக்கினார்கள். நாற்காலி ஆடுகிறது, பூசணிக்கு மிளகு கொஞ்சம் அதிகம், அன்னத்துக்குக் கழுத்து நீளம். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். அன்னத்துக்கு மட்டும் தான் பொறுப்பில்லை என்றார். டாக்டர் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இரண்டு தடவை தலை வாரியதற்கு இது போதும் என்று தோன்றியது.

"டாக்டர் இன்னும் சொல்லலியே" என்றார் சமையல்காரர் திடீரென்று.

டாக்டர் முன்னால் இருந்த கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு ஒரே குறைதான்" என்றாள் டாக்டர். "சாப்பாட்டுல இல்ல. நீங்க கேட்டு எத்தனை வாரமாச்சு. நான் பதில் சொல்லல. சொல்லலன்னு தெரிஞ்சும் நீங்க மறுபடி ஒரு தடவைகூடக் கேக்கல."

"தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பார்த்தேன்."

"கேட்டதுகூட என்னைப் பார்த்துக் கேக்கல. கதவைப் பார்த்துக் கேட்டீங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்து மாவு அப்படியே இருந்தது. "ஆமா, தப்பு என்மேலதான்" என்றார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்து, அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். கடையில் ஒருவரும் மெல்லவில்லை, விழுங்கவில்லை.

"சரி" என்றாள் டாக்டர்.

மூன்று தோழிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் தங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பினால் தலையாட்டலாம் என்று காத்திருந்தார்கள். அவள் திரும்பவே இல்லை.